ஒயர் மாட்டாத ஒண்ணேகால் மணி நேரம்

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா எழும்பிப் போற ஆளு நான். வலியசாலையில பொறந்து வளந்து, இருபது வருஷமா லேசரோட மல்லுக்கட்டுறவ. அளந்து பாக்க முடியாத எதையும் நம்புனதில்ல. அதனால நீங்க சிரிச்சாலும் எனக்கொண்ணும் இல்ல, நடந்ததை அப்படியே சொல்லுகேன்.

பொன்முடி மலை உச்சியில ரெண்டு லேசர் வச்சிருந்தோம், காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு தூரத்துல இருந்தே அளக்கறதுக்கு. ரெண்டும் விட்டு விட்டு வெளிச்சத்தைச் சுடும், பல்ஸ்னு சொல்லுவோம். ஒண்ணோட வெளிச்சம் ஈரத்துல மங்கும், மத்ததோடது மங்காது, திரும்பி வாறதை ஒப்பிட்டா கணக்கு கிடைச்சுரும். பக்ஷே முதல் பல்ஸ் போயி, காத்து நகருறதுக்குள்ள, கண்ணிமைக்கிற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள ரெண்டாவது போகணும். அந்தக் கட்டளையைக் கொடுக்குற பெட்டியை நான்தான் செஞ்சேன், முழுக்க என் கையால. எங்க லேப் ஹெட் வெளிநாட்டுப் பெட்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான் சொல்லுற அன்னைக்கு அதைச் சோதிக்க மேலிடத்துல இருந்து மூணு பேர் வந்திருந்தாங்க. சொதப்புனா என் பெட்டி அதோட குப்பைக்குத்தான்.

காலையில பதினோரு மணி, வெளிய நின்ன ஜீப்பே தெரியாத அளவுக்கு மஞ்சு. ஆரம்பிச்சோம். நம்புவீங்களோ என்னவோ, திரையில அப்படி ஒரு சுத்தமான கோடு நான் பாத்ததே கிடையாது. ஒண்ணேகால் மணி நேரம், ஒரு பல்ஸ் பிசகல. வந்தவங்கள்ல பெரியவர், "இது இவிடெ உண்டாக்கியதாணோ?"ன்னு, இங்கயே செஞ்சதான்னு ஆச்சரியமா கேட்டாரு. "ஞானா உண்டாக்கியது, சார்"னேன், நான்தான் செஞ்சேன்னு.

அவங்க டீ குடிக்கப் போனதும், டெக்னீஷியன் சுனில் சேட்டன் ரெண்டாவது லேசருக்குப் பின்னால குனிஞ்சவரு நிமிரவே இல்ல. "மேடம், இது கண்டோ?"

என் பெட்டியில இருந்து வாற ஒயர் தரையில கிடக்கு. மாட்டவே இல்ல. நுனியில தூசிக்குப் போட்ட மூடியைக்கூட யாரும் கழட்டல. லேசர் அப்பவும் டிக் டிக்னு சுட்டுக்கிட்டு இருக்கு. கட்டளை வராம அது ஒரு தடவைகூட சுடாது, அப்படித்தான் வச்சிருந்தோம். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே நின்னுபோச்சு.

சும்மா இருந்திருந்தா பாஸாயிருக்கும். ஆனா அது என் பெட்டி ஜெயிச்சதாகாதே. ஒயரை மாட்டிட்டு, வெளிய போயி, "முதல்ல இருந்து இன்னொரு தடவை பாக்கணும் சார்"னு நானே கேட்டேன். காரணம் சொல்லல. ரெண்டாவது ஓட்டமும் பிசகாம வந்துச்சு. அது என்னோடது, எவனும் பறிக்க முடியாது. இன்னைக்கு என் பெட்டி மூணு மலையில ஓடுது.

பொறவு முதல் ஓட்டத்தோட பதிவை எடுத்துப் பாத்தேன். ரெண்டு பல்ஸுக்கும் நடுவுல நான் வச்ச இடைவெளி இருநூறு மைக்ரோ செகண்ட். பதிவுல இருந்தது நூத்தி எழுபத்தி மூணு. என்னமோ கோளாறுன்னு விட்டுட்டேன்.

எட்டு மாசம் அந்த மலைக்காத்தை அளந்து, அந்த இடத்துக்குச் சரியான இடைவெளி என்னன்னு கணக்குப் போட்டேன். ராப்பகலா போட்டது, யாரும் உதவல. விடை நூத்தி எழுபத்தி மூணு.

கண்டுபிடிச்சது நான்தான், எங்க வேணும்னாலும் சொல்லுவேன். பக்ஷே எனக்கு முன்னாடி அது யாருக்குத் தெரிஞ்சிருந்துச்சு?