‘புரிஞ்சது’ என்று தலையாட்டிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன்னால், வண்டியூரில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடை போடுவது என் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்று காலையில் என் மனைவிக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து யூனிட், வீட்டிலேயே போட வேண்டும். அவளுக்குக் கண் பார்வை மங்கல். அதனால் அது என் பொறுப்பு. நர்சம்மா ஊசியைக் காட்டி மளமளவென்று சொன்னார். பின்னால் நீண்ட வரிசை. புரிந்ததா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எனக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

மகள் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். அவள் எழுதிய பாடத்திட்டத்தைப் பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் தரையில் நோட்டை விரித்துவைத்து முகத்தைத் தொங்கப்போட்டிருந்தாள். என்ன தாயி என்றேன். காட்டினாள். ‘மாணவர்கள் பின்னங்களைப் புரிந்துகொள்வர்’ என்று நோக்கம் எழுதியிருந்தாள். ‘புரிந்துகொள்வர்’ மேல் சிவப்புக் கோடு.

“புரிஞ்சுக்கிருவாங்கன்னு எழுதக் கூடாதாம்ப்பா. புள்ளைக மண்டைக்குள்ள நீ போயா பாப்பேன்னு கேக்குறாங்க. பாடம் முடிஞ்சதும் என்ன செஞ்சு காட்டுவாங்களோ, அதைத்தான் எழுதணுமாம்.”

அதை அடித்துவிட்டு, ‘ஒரு காகிதத்தை நான்காக மடித்து, முக்கால் பாகத்துக்குத் தாமே வண்ணம் தீட்டிக் காட்டுவர்’ என்று எழுதினாள். எத்தனை தடவை சரியாக வந்தால் போதும் என்பதைக்கூட எழுத வேண்டுமாம்.

காலையில் நர்சம்மாவிடம் தலையாட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. அடுப்படியில் மனைவி இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கால் மணி நேரத்தில் ஊசி போட வேண்டும். பெற்ற மகளிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன். பிறகு மருந்தையும் ஊசியையும் எடுத்து வந்து, “தாயி, நான் ஊசியில ஏத்துறேன். சரியான்னு பாரு” என்றேன்.

பத்துக் கோடு எண்ணி இழுத்தேன். மகள் ஊசியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் இருந்த எண்களைப் படித்தாள். அந்த ஊசியில் ஒரு கோட்டுக்கு இரண்டு யூனிட். நான் இருபது ஏற்றியிருந்தேன்.

“இம்புட்டையும் போட்டிருந்தா அம்மா மயங்கி விழுந்திருக்கும்ப்பா” என்றாள்.

நாளெல்லாம் கிராம் பிசகாமல் மல்லிகைப் பூ நிறுக்கிற ஆள் நான். தலை குனிந்து நின்றேன். அவள் திட்டவில்லை. அந்த மருந்தைக் கொட்டிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள்: ‘அப்பா, வேறொரு ஊசியில், யாருடைய உதவியும் இல்லாமல், பத்து யூனிட் அளவுக்குத் தண்ணீரை ஐந்து முறையும் சரியாக ஏற்றிக் காட்டுவார்.’

நாலாவது தடவை ஒரு கோடு கூடிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். மனைவி வந்து எட்டிப் பார்த்து, “டீச்சரம்மா, உங்க மாணவரு பாஸாகுறதுக்குள்ள இட்லி ஆறிப்போகும்” என்றாள். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஐந்தும் சரியாக வந்தது. அப்புறமும் மனசு கேட்காமல், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, காலையில் எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நானே சொல்லி, அளவைக் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மனைவிக்குப் போட்டேன்.

மகள் இப்போது ஆசிரியை. மனைவி இன்றைக்கும் தினமும் ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தெருவில் நடந்த கதையைச் சொல்லிக்கொண்டே என் முன்னால் வந்து உட்காருகிறாள். அவளுடைய அந்தக் கவலையில்லாத பேச்சைக் கேட்கும்போதெல்லாம், வெட்கத்தை விட்டு அன்று ஒரு வார்த்தை கேட்டதுதான் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் என்று தோன்றுகிறது.