நோய்வயல் டாக்டர்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அவர் பாத்திக்குள் இறங்குவார். வாடிக் கிடக்கும் கொண்டைக்கடலைச் செடி ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து, "நேத்து சாயங்காலம்கூட நல்லாத்தானேம்மா இருந்தே?" என்று விசாரிப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புக் குச்சியை உருவி, அதன் பக்கத்தில் நட்டுவிட்டு நகர்வார்.

எங்கள் விதைப் பண்ணையில் அவருக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். அவர் காவல் காக்கிற வயலில் வாடல் நோயை வேண்டுமென்றே குடிவைத்திருக்கிறார்கள். பல தேசத்து விதைகளையும் அதில் போட்டு, எது பிழைக்கிறதென்று பார்ப்பார்கள். பிழைத்ததை நன்றாக விளைகிற ரகத்தோடு சேர்த்து, உழவர்களுக்குப் புது விதை எடுப்பார்கள். மருந்து ஊற்றக் கூடாது. சாகிறதைச் சாக விட வேண்டும்.

நான் அங்கே விதைப்பை தைக்கிறவள். கறுப்பு, சிவப்பு, சந்தன நிறம், சுருங்கினது, வழுவழுப்பானது என்று ஒரே கடலையைக் கடவுள் இத்தனை விதமாகப் படைத்திருப்பதை அங்கே போன பிறகுதான் கண்டேன்.

"உங்க ஆஸ்பத்திரியில இன்னைக்கு எத்தனை பேர் போய்ச் சேர்ந்தாங்க, டாக்டரண்ணே?" என்று வம்புக்கு இழுப்பேன்.

"வாயைக் கழுவு தங்கச்சி. நீ பாட்டுக்குப் பையாத் தைச்சுக் குவிக்கிறே. போட்டு வைக்கத்தான் ஒண்ணும் பிழைக்க மாட்டேங்குது."

வேலைக்குச் சேர்ந்த வருடம், மனசு கேளாமல், வாடாமல் மிச்சமிருந்த செடிகளின் வேரில் யாருக்கும் தெரியாமல் மருந்து ஊற்றிவிட்டாராம். எல்லாம் பிழைத்துத் தேறின. தேறின விதையை அடுத்த வருடம் ஓர் உழவருக்குக் கொடுத்தார்கள். அவர் வயலில் வாடல் நோய் வந்து, ஒரு செடிகூட மிஞ்சவில்லை. "நான் பாவம் பார்த்தேன், அந்த மனுசன் வயலே படுத்துடுச்சு," என்பார். கைகள் பின்னால் போனது அன்றைக்குத்தான்.

இந்தப் பருவத்தில், விதை சேமித்து வைக்கிற குளிர் அறையிலிருந்து சுருங்கின கறுப்பு விதை கொஞ்சம் வந்தது. பார்க்க லட்சணமே இல்லை. ஐந்து முளைத்து, நான்கு போய்விட்டன. கூடப்பிறந்த நான்கும் போன இடத்தில் ஐந்தாவது மட்டும் பச்சையாக நின்று காய் பிடித்தது. டாக்டர் மதியச் சாப்பாட்டையே அந்த வரப்புக்கு மாற்றிக்கொண்டார். நானும் பிரார்த்தனையில் பிள்ளைகளுக்கு அடுத்தபடி அதைச் சேர்த்துக்கொண்டேன்.

காய் பறித்த அன்று ஆராய்ச்சி மேடம் கத்தியை அவரிடம் நீட்டினார். தண்டைப் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே கறுத்திருந்தால் நோய் ஏறிவிட்டது என்று பொருள். அப்புறம் அந்த விதை உதவாது.

"நீங்களே பாருங்க மேடம். எனக்குக் கை வரல."

"உங்க பிள்ளைண்ணே. நீங்கதான் பார்க்கணும்."

செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, தண்டின் நடுவில் கத்தியை வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு பிளந்தார்.

"அண்ணே, கண்ணைத் திறங்க. வெள்ளை வெளேர்னு இருக்கு," என்றார் மேடம்.

மேடம் காய்களை அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்குப் போனார். டாக்டர் நகரவில்லை. பிளந்த தண்டின் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து, விரல்களால் மெல்ல அமுக்கிப் பிடித்தபடி நின்றார்.