சுவர் வரும்வரை கிளுவை

பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து எங்கள் பி.டி. டீச்சர் இறங்கியதும், கண்டக்டர் ஒரு கட்டு முள்குச்சிகளைப் பின்னாலேயே கீழே தள்ளினார். "ஏனுங் டீச்சர், பள்ளிக்கூடத்துல ஆட்டுப்பட்டி போடறீங்களா?" என்றார். "ஆட்டுக்குன்னா வேலி போட ஆளு இருக்குதுங்களே. இது புள்ளைங்களுக்குங்க" என்றார் டீச்சர், சிரிக்காமல். அவர் வெள்ளகோவில்காரர். அந்தப் பக்கத்து மேய்ச்சல் காடுகளுக்குக் கிளுவைதான் வேலி. அதன் கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் மழையில் துளிர்த்து, முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொள்ளும்.

கிணத்துக்கடவு பக்கம், நான் படித்த அரசுப் பெண்கள் பள்ளி. பின்சுவர் ஒரு மழையில் இடிந்துபோனது. அந்த வழியாக மாலையில் குடிக்க வந்தவர்கள் பிறகு பகலிலும் வந்தார்கள். கழிப்பறை அந்தப் பக்கம்தான். டீச்சர் போய்க் கேட்டபோதெல்லாம் "எஸ்டிமேட் போயிருக்குதுங்க" என்ற ஒரே பதில். எஸ்டிமேட் போய்க்கொண்டே இருந்தது, இடிந்த இடத்தில் டீச்சர் நட்ட கிளுவை வளர்ந்துவிட்டது. அதன்பின் ஒருவனும் உள்ளே வரவில்லை.

பிறகு ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். "அரசு வளாகத்துல முள்ளு எதுக்குங்க? குத்துனா யாரு பதில் சொல்றது?" என்று வெட்டச் சொன்னார். "செவுரு வந்தன்னைக்கு நானே வெட்டிப்போடறனுங்க" என்று டீச்சர் கெஞ்சியும் கேட்கவில்லை. வேலி போன சில நாட்களிலேயே ஒருவன் கழிப்பறை வாசல்வரை வந்து நின்றான். உள்ளே இருந்தவள் என் வகுப்புத் தோழி. அவள் அலறியதும் டீச்சர் ஓடிப்போய் அவனை விரட்டினார். மறுவாரம் அவள் அப்பா வந்து டி.சி. வாங்கிப் போனார். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி அவள். பிறகு படிக்கவே இல்லை. வேலியை வெட்டச் சொன்னவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டீச்சருக்கு மெமோ வந்தது. கழிப்பறைக்குப் பூட்டு வந்தது. நாங்கள் சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினோம்.

இன்று கோவையில் பாதுகாப்புக் கருவிகள் பொருத்துவது என் வேலை. முதலில் சுவர், அடுத்து வாசலில் ஆள், கடைசியில்தான் கேமரா. ஆர்.எஸ்.புரத்தில் கட்டணம் வாங்கும் பள்ளிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. போன மாதம் அரசு ஒப்பந்த வேலையாக என் பழைய பள்ளிக்கே போனேன். முன்வாசலுக்குக் கேமராக்கள். பின்னால் அதே இடிசல். சுவரைப் பற்றிக் கேட்டேன். "அது வேற ஹெட்டு, வேற நிதிங்க மேடம். உங்களுது கேமரா மட்டுந்தான்" என்றார் பொறுப்பாளர். கேமரா வருகிறவனைத் தடுக்காது. வந்தான் என்று பிறகு காட்டும். அதுவும் அவன் முன்வாசல் வழியாக வந்தால். இதைப் பாதுகாப்பு என்று சொல்லி அரசு கையெழுத்துப் போடுகிறது. 'பின்பக்கம் திறந்து கிடக்கிறது. வளாகம் பாதுகாப்பாக இல்லை' என்று அறிக்கையில் எழுதினேன். மாற்றித் தரச் சொன்னார்கள். மாற்றவில்லை.

ஓய்வுபெற்று ஊரில் இருக்கும் டீச்சரிடம் போனில் சொன்னேன். "மழை வருது கண்ணு. போத்து வெட்டி வெக்கறேன், வந்து எடுத்துட்டுப் போ."

"வேண்டாங்க டீச்சர். இந்தத் தடவ செவுருதான் வேணும்."

"செவுரையும் கேளு. அது வர்றவரைக்கும் புள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

சனிக்கிழமை வெள்ளகோவில் போய்த் திரும்பினேன். பஸ்ஸில் காலடியில் முள்கட்டு. "ஆட்டுப்பட்டிக்குங்களா அம்மணி?" என்றார் கண்டக்டர்.

"பள்ளிக்கூடத்துக்குங்க."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போனார்.