சட்டைக்குப் போன கஞ்சி

பேத்தி பல்கலைக்கழகத்துக்கு முதல் நாள் புறப்படுகிறாள். கஞ்சி போட்ட சட்டையில் இஸ்திரிப்பெட்டி பட்டதும் எழுந்த வாசனை, என்னை மெர்லிமாவ் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

அந்த லயத்திலிருந்து மலாக்கா இங்கிலீஷ் பள்ளிக்குப் போன முதல் பிள்ளை நான். இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. சாயங்காலம் அம்மா அதைத் துவைக்கும்போது, பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை வடிகஞ்சியோடு வந்துவிடுவார். காலையில் அவர் குடிக்க வேண்டிய கஞ்சி அது.

"நீ என்னத்தக் குடிச்சிட்டுப் பால்மரம் வெட்டப் போவ?" என்பார் அம்மா.

"தண்ணி இருக்குல்லக்கா. டவுன் பிள்ளைங்க நடுவுல நம்ம புள்ள கசங்கிப்போயி உக்காரக் கூடாது."

வகுப்பில் கூச்சத்தில் தலை தாழும்போதெல்லாம், விறைத்த காலர் மோவாயில் குத்தும். நிமிர்ந்துகொள்வேன்.

பேத்தி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கழுத்துல குத்துது, தாத்தா."

"குத்தட்டும்மா."