அப்பாவின் துப்பாக்கியில் இருந்த தீத்தழும்பு

ஸ்பிரிட்டில் ஊறிய அரக்கு வாடை... அது மூக்கில் ஏறினால் எனக்கு ஞாபகம் வருவது கட்டிலோ பீரோவோ இல்லை. அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். திண்டுக்கல்லில் ஒரு மரக்கடையில் எனக்குப் பாலிஷ் வேலை. அப்பா சவரிமுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நகைக்கடையில் வாட்ச்மேன். ராணுவத்திலிருந்து வந்ததும் ஒரு விவசாயியிடம் பழைய துப்பாக்கியை வாங்கி, முறையாக லைசென்ஸ் எடுத்திருந்தார். அதனால்தான் அந்த வேலை. கடைக்கு வேண்டியது துப்பாக்கி. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

கடைக்கு ஏசி வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது. முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார்.

"சவரி, கடைய இம்புட்டு அழகா மாத்திருக்கேன். நீ வாசல்ல விறகுக்கட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கிற. தீபாவளிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

அப்பா குழலைக் கழற்றி வைத்துவிட்டு மரக்கட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தார். இடது பக்கம் எட்டணா அகலத்துக்கு ஒரு தீத்தழும்பு. பழைய சொந்தக்காரர் அடுப்போரம் சாத்தி வைத்தாராம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தழும்பு உள்ளே இறங்கியிருந்தது, முழுசாகப் போகவில்லை. மேலே கருஞ்சாயம் கொடுத்து மறைத்தேன். பிறகு பஞ்சை அரக்கில் தோய்த்து ஏழெட்டுக் கை ஓட்டினேன்... முகம் தெரிந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "இப்ப ஒங்கப்பா சட்டதான் பழசாத் தெரியுது" என்றாள்.

முதலாளிக்குத் திருப்தி. வினை போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ரைட்டர் பதிவேட்டைத் திறந்தார்.

"நம்பர் சரியாத்தான் இருக்கு. 'கட்டையின் இடப்பக்கம் தீத்தழும்பு'ன்னு போட்டிருக்கே, அது எங்க?"

"மகன் பாலிஷ் போட்டான்யா."

"கட்டைய மாத்திட்டுக் கத விடுறியா?"

துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கி இல்லாத அப்பாவுக்கு நகைக்கடை வாசலில் இடமில்லை. வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். தீபாவளிக்குள் துப்பாக்கி வராவிட்டால் அதுவும் கிடையாது என்றார் முதலாளி.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நீ அழகாத்தான் பண்ணிருக்க அப்பு" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

துப்பாக்கி போன ஒன்பதாம் நாள் ஸ்பிரிட் பாட்டிலும் துணியுமாக அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் மேஜையிலேயே வைத்து அந்த இடத்தைத் துடைத்தேன். அரக்கு கரைந்தது. சாயம் துணியில் ஏறியது. அடியிலிருந்து மங்கலாக ஒரு கருவட்டம்.

"ஏலே, இருக்குடா" என்றார் ரைட்டர், காணாமல் போன ஆளைக் கண்டுபிடித்த மாதிரி. பக்கத்தில், அதே பதிவேட்டில் பதினோரு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுவரும் அப்பா தொப்பியைக் கழற்றி நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அப்பா மறுபடியும் கண்ணாடிக் கதவோரம். தழும்பு இருந்த பக்கத்தை முதலாளி கண்ணில் படாமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார்.

இப்போது அந்தக் கடைக்கு மூன்று மாடி. வாசலில் ஏஜென்சி ஆட்கள், ஒரு முகம் மூன்று மாதம் தாண்டுவதில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு அப்பா வீட்டில் இருக்கிறார். நான் கடைகளுக்கு ஷோகேஸ் செய்கிறேன். ஒரு கீறல் தெரியக்கூடாது என்கிறார்கள். தெரியாமல் செய்து கொடுக்கிறேன்.

அப்பா குளிக்கச் சட்டையைக் கழற்றும்போது பார்க்கிறேன். துப்பாக்கி வார் அழுத்தி அழுத்திக் கறுத்துப்போன தோல் இன்னும் நிறம் மாறவில்லை. கட்டையின் தழும்பைக் கவனமாகப் பார்த்து எழுதினவர்கள் இதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

நான் எழுதி வைக்கிறேன். சவரிமுத்து. வலது தோள். மூன்று விரல் அகலம்.