ஐஸ் பெட்டியில் வந்த மருந்து

போன வருஷம் ஆடி மாதம். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் எனக்கு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாதான் அப்போது வீடு. எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் அக்காவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். “வெள்ளிக்கெழம கோழிக்குத் தீனி போட ஊட்டுல இருப்பேன்” என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம்தான் குளிர் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி என்று ஐசியூவுக்கு மாற்றினார்கள்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “மெரோபெனம்னு ஊசி போடறோங்க. பெரிய மருந்து. அதுக்கும் கேக்கலைங்க. அதுக்கு மேல இருந்ததையும் போட்டுப் பாத்துட்டோம்.”

என் மரமண்டையில் ஏறியது ஒன்றுதான்: இங்கே நல்ல சரக்கு இல்லை. எங்கள் தொழிலில் ‘கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். நடுக்காட்டில் ஆக்சில் உடைந்து நின்றாலும், எந்த ஊர்ப் பட்டறையிலிருந்தாவது நம்ம பக்கத்து வண்டி ஒன்று புது ஆக்சிலை எடுத்துவந்துவிடும். கொண்டுவருகிறவர் முன்பின் தெரியாதவராக இருப்பார், கூலியும் கேட்க மாட்டார்.

“ஏனுங்க, இது டூப்ளிகேட்டா இருக்குமுங்க. ஒரிஜினலை நான் எடுத்தாரேன்” என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். காதிலேயே போட்டுக்கொள்ளாமல், மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அடேயப்பா, எத்தனை பேர் அலைந்தார்கள்! ஹைதராபாத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் கடை கடையாக ஏறி வாங்கிவிட்டார். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் அது இன்னொரு வண்டிக்கு மாறியது. அக்காவிடம் ஓடிப்போய், “மருந்து வருதுங்கக்கா” என்று சொன்னேன். அவள் முகத்தில் தெளிச்சி வந்தது.

கொண்டுவந்தவர் ராசிபுரத்துக்காரர். யாரும் சொல்லாமலே ஐஸ் பெட்டிக்குள் வைத்து, துண்டு சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். டீ குடிக்கக் கூப்பிட்டேன். “மொதல்ல அக்காவுக்கு ஊசியப் போடச் சொல்லுங்கண்ணா” என்று கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்து, மருந்துக் குப்பியை எடுத்து லேபிளைப் படித்தார்.

“இதுக்கு ஐஸே தேவையில்லைங்க. நாங்க போட்டதும் இதேதானுங்க. மருந்துல குத்தமில்ல. அந்தக் கிருமி இந்த மருந்தையே உடைச்சுப்போடுது. எந்த தேசத்துல இருந்து கொண்டாந்தாலும் அப்படித்தானுங்க.”

எனக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. “யார் பண்ணுன வேலைங்க இது?” என்று வராந்தாவே அதிரக் கத்தினேன்.

“சளி, காய்ச்சல்னு கண்டதுக்கும் ஆளாளுக்கு இந்த மாதிரி மருந்து எடுத்து எடுத்து, கிருமி மருந்துக்குப் பழகித் தேறிப்போச்சுங்க. அக்கா ஒரு மாத்திரை தப்பா தின்னிருக்கணும்னுகூட இல்லைங்க. எங்கயோ வளந்தது இவங்களுக்கு ஒட்டிக்கிச்சு” என்றார்.

யார் சட்டையைப் பிடிப்பது? பாழாய்ப்போன கண்ணுக்குத் தெரியாத சனியனிடம் போய் என்ன சண்டை போடுவது? பெட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போனபோது அக்கா மெதுவாகக் கண் திறந்தாள்.

“வந்துருச்சா சாமி?”

“வந்துருச்சுங்கக்கா.”

“அப்பச் சரி” என்று கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு அந்த ராசிபுரத்து டிரைவர் ஆபீஸுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவே இல்லை. “கிருஷ்ணகிரியில வண்டி மாத்தறப்பக் கொஞ்சம் லேட்டாயிருச்சுங்கண்ணா. அதனாலதானுங்களா?” என்று கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயோ, இல்லைங்க, நேரத்துக்குத்தான் வந்துச்சு” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் நம்பவில்லை. சரியான மருந்து, சரியான நேரத்துக்கு வந்தும் ஒரு உயிரைக் காப்பாற்றாது என்பதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, ஏனென்றால் என் மனசே அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.