அம்புக்கு மரியாதை

வண்டி நிறுத்துமிடங்களில் கோடும் அம்பும் அடிப்பது அவர் தொழில். அதனால் பெயரே அம்புக்காரர். தான் போட்ட அம்புக்கு எதிராக எவனாவது வண்டியைத் திருப்பினால், "கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று பிரஷோடு குறுக்கே பாய்வார்.

அன்று ஒரு கடைவளாகத்தில் அம்புகளை அடித்து முடித்து, பெருமையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அம்புகள் அவரை ஒரு சுற்றுச் சுற்றவைத்துப் பழைய இடத்திலேயே விட்டன. அப்போதுதான் உறைத்தது: இருக்கிற ஒரே வாசலில் அம்பு உள்ளே மட்டும் பார்க்கிறது. வெளியே போக அம்பே இல்லை. டப்பாவில் பெயின்டும் இல்லை.

பின்னால் கார்கள் அலறின.

"யாரு பாக்கப்போறா? சும்மா போங்கண்ணே," என்று காவலாளி கெஞ்சினார்.

"என் அம்ப நானே மதிக்கலன்னா நாய்கூட மதிக்காது!" வாசலை மறித்து நின்றுவிட்டார்.

காவலாளி போன் போட, அம்புக்காரரின் மனைவி வந்தார். அம்பைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்பு ஓட்டுறவங்களுக்குத்தானே? தள்ளிக்கிட்டுப் போறவங்களுக்கு இல்லையே? எறங்குங்க."

அம்புக்காரர் முகம் மலர்ந்தது. இறங்கித் தள்ளினார். மனைவி பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் பின்னால் முக்கல் சத்தம். திரும்பினார். டை கட்டியவர்கள், கூலிங்கிளாஸ் போட்டவர்கள், எல்லோரும் என்ஜினை அணைத்துவிட்டு வரிசையாகக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பாத்தியா, என் அம்புக்கு எவ்வளவு மரியாதை!" என்று ஸ்கூட்டரில் ஏறப் போனார்.

"ஏறாதீங்க, தள்ளுங்க," என்றார் மனைவி. "இந்தத் தெருவுக்கும் அம்பு போட்டது நீங்கதான். நம்ம வீடு அம்புக்கு எதிர்ப்பக்கம்."